ஓர் இன்ச்சுக்கு ஓர் அடி

தெள்ளாரிலும் வந்தவாசியிலும் ஆரணியிலும், இடைப்பட்ட ஊர்களின் சாலையோரங்களிலும் வெல்டிங் பட்டறை, லேத் பட்டறை, பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும்,

இந்த மடலை யாருக்கு எழுதுவது என்று பல நாள் குழம்பினேன். கலெக்டருக்கு எழுதலாம், திங்கட்கிழமை மனு நாள் இருக்கிறது. வண்டி செய்கிற கம்பெனிக்கு எழுதலாம், அழகான இங்கிலீஷில் ஒரு பதில் வரும். எங்கள் வீட்டுத் தொல்லையோ ஒன்றரை அடி உயரத் தொல்லை. இரும்பை வெட்டி ஒட்டத் தெரிந்தவர்தான் அதைத் தீர்க்க முடியும். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

என் அண்ணன் பதினெட்டு வருஷம் லாரி ஓட்டியவர். ஆறு வருஷத்துக்கு முன்னால் லோடின் மேல் ஏறித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தபோது இழுத்த கயிறு அறுந்து மல்லாக்க விழுந்தார். முதுகுத் தண்டில் அடி. இடுப்புக்குக் கீழே அசைவும் இல்லை, உணர்ச்சியும் இல்லை. தோளும் கையும் மட்டும் அப்படியே இருக்கின்றன. சக்கர நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் யார் துணையும் இல்லாமல் மாறிக்கொள்வார். இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் அவருக்கு எந்தக் கவலையும் கிடையாது. கையை ஊன்றி ஒரு நகர்வு, அவ்வளவுதான்.

வீட்டில் இருப்பது ஒரே வண்டி, ஒரு பிக்கப். மல்லாட்டையும் நெல்லும் ஏற்றி வந்தவாசி மார்க்கெட் கமிட்டிக்குப் போய்வருவது அதன் பிழைப்பு, எங்கள் பிழைப்பும் அதுதான். அண்ணனை வேலூருக்குச் சிகிச்சைக்கு அழைத்துப் போவதும் அதில்தான். டேப் பிடித்து அளந்து வைத்திருக்கிறேன். சக்கர நாற்காலியின் இருக்கை தரையிலிருந்து 19 இன்ச். பிக்கப்பில் டிரைவருக்குப் பக்கத்து சீட் 37 இன்ச். நடுவில் இருக்கிற 18 இன்ச்சைத்தான் ஆறு வருஷமாக நாங்கள் அவரைத் தூக்கிக் கடக்கிறோம்.

தூக்குவது என்றால் என்ன என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நான் முதலில் கேபினுக்குள் ஏறி முழங்காலில் உட்கார்ந்து அவருடைய அக்குளுக்குள் கை கொடுப்பேன். என் மகன் கால்களைப் பிடிப்பான். பக்கத்து வீட்டுப் பையன் கீழேயிருந்து இடுப்பைத் தாங்குவான். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி இழுப்போம். வேட்டி ஒதுங்கும், சட்டை மேலேறும், தெருவே பார்க்கும். முப்பத்திரண்டு டன் வண்டியைத் தனி ஆளாக மும்பைக்கு ஓட்டிப் போன மனுஷன் அந்த நேரத்தில் கண்ணை மூடிக்கொள்வார். போன வருஷம் அப்படி ஏற்றும்போது கதவடியில் இருந்த தகட்டின் விளிம்பு தொடையில் சிராய்த்திருக்கிறது. வலி தெரியாத உடம்பு, அவருக்கும் தெரியவில்லை, எங்களுக்கும் தெரியவில்லை. ராத்திரி துணி மாற்றும்போதுதான் ரத்தத்தைப் பார்த்தோம். உணர்ச்சி இல்லாத இடத்தில் வந்த புண் சுலபத்தில் ஆறாது. ஏறக்குறைய மூன்று மாதம் குப்புறப் படுத்துக் கிடந்தார். தப்பு எங்களுடையது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தூக்குகிற வரைக்கும் இந்தத் தப்பு இன்னொரு நாள் நடக்கத்தான் செய்யும்.

நாங்கள் பட்டறைக்கு வராமல் இல்லை. ஒரு பட்டறையில் விஷயத்தைச் சொன்னபோது, "பிளாஸ்டிக் ஸ்டூல் ஒண்ணு வாங்கிக்குங்க சார்" என்று சிரித்தார்கள். நடக்க முடியாதவருக்கு ஸ்டூல் எதற்கு என்று நான் கேட்கவில்லை, திரும்பி வந்துவிட்டேன். இன்னொரு பட்டறைக்காரர் நல்ல மனசுக்காரர். செக்கர் பிளேட்டில் ஆறடிச் சாய்தளம் ஒன்று செய்து, பின்பக்கத் தொட்டியில் சாய்த்து வைத்து, நாற்காலியோடு அப்படியே உள்ளே தள்ளிவிடலாம் என்றார். தள்ளிப் பார்த்தோம். பாதியில் நாற்காலி பின்னோக்கி உருண்டது. கீழே நின்ற பட்டறைப் பையன் குறுக்கே விழுந்து தாங்கியிராவிட்டால் அண்ணனுக்கு இரண்டாவது தடவை முதுகு போயிருக்கும்.

அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபமில்லை. கணக்கு அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் அன்று தெரியாது. சக்கர நாற்காலிக்கான சாய்தளம் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதிகள் சொல்கின்றன. உங்கள் கணக்கில் சொன்னால், ஓர் இன்ச் உயரத்துக்கு ஓர் அடி நீளம். எங்கள் வண்டித் தொட்டியின் தரை 30 இன்ச். அப்படியானால் சாய்தளம் 30 அடி! வண்டியைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதை எங்கே சுருட்டி வைத்துக்கொண்டு வேலூர் போவது? உயரமான வண்டிக்குச் சாய்தளம் ஆகாது என்பதை ஆறடித் தகட்டுக்கு எட்டாயிரம் ரூபாய் கொடுத்துக் கற்றுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை உங்களிடம் சொல்லியாக வேண்டும். "தொட்டியில ஏத்துற பேச்சே வேணாம்டா. பதினெட்டு வருஷம் மூட்டை ஏத்தினேன். நானே மூட்டையாப் போவ மாட்டேன்." சரக்கு வண்டித் தொட்டியில் ஆள் ஏற்றுவது சட்டப்படியும் குற்றம். சடன் பிரேக் அடித்தால் கயிற்றில் கட்டிய நாற்காலி என்ன ஆகும் என்பதை அவர் எனக்குச் சொல்லித் தர வேண்டியதும் இல்லை. ஆகவே கேபின்தான். டிரைவருக்குப் பக்கத்தில், கண்ணாடிக்குப் பின்னால், சாலையைப் பார்த்துக்கொண்டு.

"பஸ்ஸில் போகலாமே, மாற்றுத்திறனாளிக்கும் கூடவருகிறவருக்கும் டிக்கெட்டே இல்லையே" என்று கேட்பவர்கள் உண்டு. உண்மைதான். 2021லிருந்து சாதாரண நகரப் பேருந்துகளில் அவர்களுக்கு இலவசம். டிக்கெட் இலவசம், படிக்கட்டு அதே மூன்று படி. ஏற முடியாத பஸ்ஸில் இலவசம் என்பது, பூட்டிய வீட்டில் விருந்து என்பதைப் போல. ஏறக்கூடிய பஸ்ஸைக் கேட்டுத்தான் சென்னையில் மாற்றுத்திறனாளிகள் வருஷக் கணக்காக உயர் நீதிமன்றத்துக்கு அலைந்தார்கள். மாற்றுத்திறனாளிகளின் உரிமைக்காகப் போராடும் வைஷ்ணவி ஜெயக்குமார் தொடுத்த வழக்கில் பஸ்ஸின் தரை எத்தனை மில்லிமீட்டர் உயரம் இருக்கலாம் என்பதே வாதமானது. நம் ரோட்டுக்குத் தாழ்தளம் சரிவராது, மழைத் தண்ணீர் புகும், வேகத்தடை இடிக்கும் என்றெல்லாம் போக்குவரத்துக் கழகங்களின் தரப்பில் சொல்லப்பட்டது. கடைசியில் 2024 ஆகஸ்டில் சென்னையில் புதிய தாழ்தளப் பேருந்துகள் ஓடத் தொடங்கின. 2025 ஜூனில் மின்சாரத் தாழ்தளப் பேருந்துகளும் வந்தன. நிறுத்தத்தில் நின்றதும் ஒரு பக்கமாக உடம்பைத் தாழ்த்திக் கொடுக்கிற பஸ் அது. சென்னையில் அதைப் பார்த்தபோது எனக்கு யானை நினைவு வந்தது. யானை மேல் ஏற வேண்டுமானால் ஆள் எகிறிக் குதிப்பதில்லை, யானை மண்டியிடும். பல்லவன் நந்திவர்மன் 'தெள்ளாறெறிந்த' என்று பட்டம் பெற்ற போர்க்களம் நம்முடைய ஊர். அன்று ஏறுகிற ஆளுக்காக யானை மண்டியிட்டது. இன்று நாம் குட்டியானை என்று செல்லப்பெயர் வைத்து ஓட்டுகிற வண்டிகள் மட்டும் ஏன் விறைத்துக்கொண்டு நிற்க வேண்டும்?

அந்தத் தாழ்தளப் பேருந்து நம் தெள்ளார்ச் சாலைக்கு எப்போது வருமோ. வரட்டும். அதுவரை எங்களுக்கு பிக்கப்தான்.

உங்களில் சிலர் சட்டத்தைச் சொல்லித் தயங்குகிறீர்கள். வண்டியில் கை வைத்தால் பிரேக் இன்ஸ்பெக்டர் எஃப்.சி. தர மாட்டார், இன்சூரன்ஸ் போய்விடும் என்கிறீர்கள். நியாயமான பயம். 1988ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, ஆர்.சி.யில் உள்ளதற்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்றுதான் சொல்கிறது. ஆனால் அதே சட்டம் மாற்றுத்திறனாளிக்காக மாற்றியமைத்த வண்டி என்று ஒரு தனி வகையையும் ஏற்றுக்கொள்கிறது. 2019இல் வந்த திருத்தம் அந்த வழியை இன்னும் சுலபமாக்கியது. 2016ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 41ஆம் பிரிவோ பழைய வண்டிகளை இவர்களுக்கு ஏற்றபடி திருத்துவதைப் பற்றியும் பேசுகிறது. 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரத்தூரி வழக்கில், அணுகல் வசதி என்பது செய்தால் நல்லது என்கிற அறிவுரை அல்ல, கட்டாய விதியாக வர வேண்டும் என்று அரசுக்குச் சொல்லிவிட்டது. இருந்தாலும் எங்கள் வண்டி லோடும் அடிக்க வேண்டிய வண்டி. அதனால் சேஸிஸிலோ கதவுத் தூணிலோ வெட்டு, ஒட்டு எதுவும் கேட்கவில்லை. போல்ட்டில் மாட்டி, போல்ட்டில் கழற்றுகிற மாதிரி ஒரு சாமான்தான் கேட்கிறேன். அதையும் செய்வதற்கு முன்னாலேயே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் காட்டிக் கேட்டுவிடுவது என் பொறுப்பு.

ஸ்கூட்டரை நினைத்துப் பாருங்கள். பின்னால் இரண்டு பக்கமும் சின்னச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டரை இன்று அரசே மாற்றுத்திறனாளிகளுக்குக் கொடுக்கிறது. உங்களில் பலர் அந்த அச்சையும் பிராக்கெட்டையும் கழற்றி மாட்டிப் பழகியவர்கள். இரண்டு சக்கரத்துக்குச் செய்ததை நாலு சக்கரத்துக்குச் செய்யச் சொல்கிறேன்.

தறியையும் பாருங்கள். ஜக்கார்டு பெட்டி பிரான்சில் லியோன் நகரத்து நெசவுக்காக 1800களின் தொடக்கத்தில் உருவானது. அதை நம் பக்கத்துக் குழித்தறியின் தலைக்கு மேல் ஏற்றிக் கட்டி, குழியில் இருக்கும் மிதியோடு இணைத்து, புட்டாவும் கரையும் எடுக்க வைத்தது யார்? தச்சரும் கொல்லரும் நெசவாளியும் சேர்ந்து உட்கார்ந்து செய்த வேலை என்றுதான் நினைக்கிறேன். மிதித்து மிதித்து முழங்கால் தேய்ந்தவர்களுக்காக இப்போது ஜக்கார்டைத் தூக்க மோட்டாரும் பொருத்துகிறார்கள். ஓர் உடம்புக்குத் தகுந்தபடி கருவியைத் திருத்துவது நமக்குத் தெரியாத வித்தை என்று யாரும் என்னிடம் சொல்லாதீர்கள்.

அமெரிக்காவில் இண்டியானா மாகாணத்தில் ரால்ஃப் பிரான் என்று ஒருவர் இருந்தார். சின்ன வயதிலேயே தசைச் சிதைவு நோய் வந்து நடக்க முடியாமல் போனவர். வேலைக்குப் போக வண்டி வேண்டும் என்று 1960களில் ஒரு பழைய தபால் ஜீப்பை வாங்கி, கையால் ஓட்டும் கருவிகளும் பின்பக்கம் ஹைட்ராலிக் தூக்குப் பலகையும் தானே பொருத்திக்கொண்டார். 1970இல் பெரிய வேன் ஒன்று சந்தைக்கு வந்ததும் அதற்கும் ஒரு லிஃப்ட் செய்தார். எனக்கும் ஒன்று, எனக்கும் ஒன்று என்று ஆட்கள் வந்து நின்றார்கள். பெற்றோர் வீட்டு வண்டிக் கொட்டகையில் தொடங்கியது 1972இல் கம்பெனியாகி, உலகம் முழுக்க வண்டிகளுக்கு லிஃப்ட் செய்து கொடுக்கிற அளவுக்கு வளர்ந்தது. அவருடைய கொட்டகை உங்கள் பட்டறையைவிடப் பெரியதாக இருந்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நாங்கள் ஆரணி வழியாகப் போகிற வேலூரிலேயே டாக்டர் மேரி வர்கீஸ் இருந்தார். 1954இல் கார் விபத்தில் முதுகுத் தண்டு அடிபட்டு, அதற்குப் பிறகு சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தவர். 1966இல் பாகாயத்தில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் உருவாக்கியது. அறுவை அறையில் அவரால் அது முடிந்தது எப்படி? அவருக்கு ஏற்ற உயரத்துக்கு மேசை இறங்கி வந்திருக்க வேண்டும். நாற்காலியின் உயரத்துக்குத் தகுந்த வேலை மேசை கிடைத்தால் அந்த ஆள் வேலை செய்துவிடுவார். அண்ணனுக்கும் கேட்பது அதுவே.

இனி, வேண்டிய சாமான். யோசனை அண்ணனுடையது. குப்புறப் படுத்துக் கிடந்த மாதங்களில் சாக்பீஸால் தரையில் வரைந்தது. நாற்காலியோடு சேர்த்துத் தூக்க வேண்டாம் என்கிறார். கதவுப் பக்கத்தில் ஒரு சின்னப் பலகை, ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி, 19 இன்ச் உயரத்தில் நிற்கட்டும். நாற்காலியிலிருந்து கையூன்றி அதற்கு நகர்ந்துவிடுவார். பலகை அவரைச் சுமந்து 18 இன்ச் மேலே போகட்டும். சீட்டின் மட்டத்துக்கு வந்ததும் அங்கேயிருந்து உள்ளே நகர்ந்துவிடுவார். முதலில் ஏறுவது இடுப்பு, பிறகு கையாலேயே கால்களை ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைத்துக்கொள்வார். பலகையைக் கழற்றித் தொட்டியில் போட்டுவிட்டு, நாற்காலியை மடக்கி அதன் மேல் கட்டிவிட்டால் வண்டி புறப்படலாம். வேறு வழிகளும் உண்டு. சுழன்று வெளியே வந்து தாழ்கிற சீட்டுகள் கார்களுக்குக் கிடைக்கின்றன, விலை எங்களுக்கு எட்டாது. கதவுத் தூணில் ஒரு கை பொருத்தி, துணித் தூளியில் ஆளைத் தூக்குகிற முறையும் இருக்கிறது. தூளி வேண்டாம் என்று அண்ணன் ஒரே பேச்சில் சொல்லிவிட்டார், காரணம் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

தூக்குவதற்கு ஹைட்ராலிக் வேண்டாம் என்பதும் அவர் கருத்து. சீல் தேய்ந்தால் மெல்ல மெல்ல இறங்கும், டிப்பரில் எத்தனை பார்த்திருக்கிறார். தானாகப் பின்னோக்கிச் சுழலாத வகைத் திருகு அல்லது வார்ம் கியர் என்றால் கையை விட்டாலும் விட்ட இடத்திலேயே நிற்கும். வண்டி பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் போதும். பேட்டரி போனால் கையால் சுற்ற ஒரு கைப்பிடி கட்டாயம் இருக்க வேண்டும். பாதி வழியில் தொங்கிக்கொண்டு நிற்கிற நிலை மட்டும் வரக்கூடாது.

சில விஷயங்களை எவ்வளவு சொன்னாலும் போதாது, பொறுத்துக்கொள்ளுங்கள். உணர்ச்சி இல்லாத உடம்பு உட்காரப் போகிற பலகை அது. ஒரு போல்ட் தலை துருத்திக்கொண்டிருந்தாலும், விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும் அவர் "ஆ" என்று சொல்ல மாட்டார். மூன்று மாதம் கழித்து நாங்கள் சொல்வோம். சித்திரை வெயிலில் நின்ற வெறும் தகட்டில் உட்கார்ந்தால் தோல் வெந்துவிடும், அதுவும் அவருக்குத் தெரியாது. ஆகவே ஃபோம், அதன் மேல் ரெக்சின், விளிம்பெல்லாம் உருட்டி. தொங்குகிற கால் சிக்குகிற சந்து எங்கேயும் இருக்கக் கூடாது. முதுகுக்கு ஒரு சாய்வு, இடுப்புக்கு ஒரு பெல்ட். அண்ணன் எடை 68 கிலோ. அவர் உட்காருவதற்கு முன்னால் 150 கிலோ மூட்டையை வைத்து இருபது தடவை ஏற்றி இறக்குங்கள். அதற்குப் பிறகு நான் உட்கார்ந்து பார்க்கிறேன். கடைசியில்தான் அவர்.

முக்கியமான இன்னொன்று. அளவு எடுக்கும்போது என்னைக் கேட்காதீர்கள், அவரைக் கேளுங்கள். பட்டறைக்கு வந்தால் எல்லோரும் என்னிடமே பேசுகிறீர்கள். "இவருக்குக் கை எவ்வளவு தூரம் எட்டும்?" என்று என்னிடம் கேட்கிறீர்கள். அவர் காதும் வாயும் நன்றாக இருக்கின்றன. வண்டியைப் பற்றி உங்களில் பாதிப் பேருக்கு அவர் பாடம் எடுப்பார்.

இதைத் தர்மமாகச் செய்து தர வேண்டாம். இரும்புக்கும் கூலிக்கும் உண்டான பணத்தை வாங்கிக்கொள்ளுங்கள். இனாமாகச் செய்த சாமான் உடைந்தால் வந்து கேட்க வாய் வராது. எனக்குக் கேட்கிற உரிமை வேண்டும்.

ஒரே ஓர் ஆளுக்காக இத்தனையா என்று நினைப்பீர்கள். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். மரமேறி விழுந்தவர், கிணற்று வேலையில் விழுந்தவர், என் அண்ணனைப் போல லோடிலிருந்து விழுந்தவர் எந்த ஊரில் இல்லை? நம் பக்கத்தில் பெரும்பாலான வீடுகளில் கார் கிடையாது, இருந்தால் லோடு வண்டிதான் இருக்கும். அத்தனை வீட்டிலும் மூன்று பேர் சேர்ந்து ஒருவரைத் தூக்கிக்கொண்டிருக்கிறார்கள், அல்லது தூக்க ஆளில்லாமல் அவர் வீட்டுக்குள்ளேயே இருக்கிறார். முழங்கால் போன எங்கள் அம்மாவே அந்தப் பலகை வந்தால் தானும் உட்கார்ந்து ஏறுவேன் என்று சொல்லி வைத்திருக்கிறாள். ஒன்று சரியாக அமைந்துவிட்டால் அதன் படத்தையும் அளவையும் பக்கத்துப் பட்டறைக்கும் கொடுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன்.

போன மாதம் ஒரு நாள் வண்டி வாசலில் நின்றது. அண்ணன் நாற்காலியை உருட்டிக்கொண்டு போய்க் கதவைத் திறந்து, சீட்டின் மேல் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அப்படியே இருந்தார். நான் பார்த்துக்கொண்டிருந்ததை அவர் கவனிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் வண்டிக்கு லோடு கிடையாது. காலையிலிருந்து வாசலில்தான் நிற்கும், அண்ணனும் வீட்டில்தான் இருப்பார். டேப்பை எடுத்துக்கொண்டு யாராவது ஒருவர் வாருங்கள்.

இப்படிக்கு,
தெள்ளாரிலிருந்து ஒரு பிக்கப் வண்டிக்காரன்